1896-ஆ, 1988-ஆ? டென்னிஸ் வினாடி வினாவில் தகராறு வராமல் கேள்வி எழுதுவது எப்படி

கேள்வி: நாங்கள் நடத்திய விளையாட்டு வினாடி வினாவில் ‘ஒலிம்பிக்கில் டென்னிஸ் எந்த ஆண்டு சேர்க்கப்பட்டது?’ என்று கேட்டேன். ஒரு அணி 1896 என்றது, இன்னொன்று 1988 என்றது. என் விடைத்தாளில் 1896 இருந்தது. 1988 சொன்னவர்கள் கைபேசியில் ஆதாரத்தைக் காட்டிச் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அடுத்த முறை டென்னிஸுக்கும் டேபிள் டென்னிஸுக்கும் சேர்த்து ஒரு முழுச் சுற்றே வைக்கப் போகிறோம். எதைக் கேட்கலாம், எங்கே மாட்டிக்கொள்வேன்?

பதில்: முதலில் பழைய கணக்கைத் தீர்த்துவிடலாம். இரண்டு அணிக்கும் மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும். ‘சேர்க்கப்பட்டது’ என்ற சொல்தான் உங்களைக் காட்டிக்கொடுத்தது, ஏனென்றால் டென்னிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு முறை சேர்ந்த விளையாட்டு. 1896 ஏதென்ஸில் தொடங்கி 1924 பாரிஸ் வரை நடந்த ஏழு ஒலிம்பிக்கிலும் இருந்தது, அப்புறம் காணாமல் போனது, 64 வருஷம் கழித்து 1988 சியோலில் பதக்கத்துடன் திரும்பி வந்தது. ‘முதன்முதலாக எப்போது விளையாடப்பட்டது’ என்று கேட்டால் 1896, ‘இடைவெளிக்குப் பிறகு பதக்கப் போட்டியாக எப்போது திரும்பியது’ என்று கேட்டால் 1988. ஒரு சொல்லைக் கூட்டினால் சண்டை இல்லை.

ஆனால் அந்த இடைவெளிக்குள்ளும் ஒரு பள்ளம் இருக்கிறது. 1968 மெக்சிகோவில் டென்னிஸ் காட்சிப் போட்டியாக, அதாவது பதக்கக் கணக்கில் சேராத போட்டியாக நடந்தது (மெக்சிகோ சிட்டியில் இல்லை, குவாதலஹாராவில்), 1984 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி காட்சிப் போட்டி, அதுவும் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அந்த 1984-ல் ஜெயித்த இருவர் யார் தெரியுமா? ஸ்டெஃபான் எட்பர்க், ஸ்டெஃபி கிராஃப். கிராஃபுக்கு அப்போது 15 வயது. இது பதக்கக் கணக்கில் வராது, அதனால் ‘கிராஃப் எத்தனை ஒலிம்பிக் தங்கம் வென்றார்’ என்று கேட்டால் ஒன்று என்பதே சரி, அது 1988. அதே வருஷம் நான்கு கிராண்ட் ஸ்லாமையும் ஜெயித்திருந்தார், அதனால்தான் அதற்கு ‘கோல்டன் ஸ்லாம்’ என்று பேர் வந்தது.

நடுவில் ஏன் போனது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், எப்படியும் யாராவது கேட்பார்கள். அமெச்சூர் (தொழில்முறை அல்லாத ஆட்டக்காரர்) என்றால் யார், ஒலிம்பிக் டென்னிஸை நடத்துவதில் யார் பேச்சு எடுபட வேண்டும் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கும் சர்வதேச டென்னிஸ் சம்மேளனத்துக்கும் ஒத்துப்போகவில்லை. அதற்கு முன்பிருந்தே உரசல்தான். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கின் வெளியரங்க டென்னிஸ் விம்பிள்டன் நடக்கும் நாட்களிலேயே வைக்கப்பட்டது, பிரிட்டன் ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கம் வரவில்லை. 1968-ல் டென்னிஸ் உலகமே தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது, ஒலிம்பிக் அமைப்பு அந்த இடத்துக்கு வந்துசேர இன்னும் இருபது வருஷம் ஆனது.

உள்ளரங்கம், வெளியரங்கம் என்ற விஷயத்தைக் கவனியுங்கள், நன்றாகத் தயார் செய்யும் ஆட்களே வழுக்கி விழும் இடம் அது. 1908 லண்டனிலும் 1912 ஸ்டாக்ஹோமிலும் டென்னிஸ் இரண்டு தனித்தனிப் போட்டிகளாக நடந்தது, இரண்டுக்கும் தனித்தனிப் பதக்கம். ‘1908 ஆண்கள் ஒற்றையர் சாம்பியன் யார்’ என்று கேட்டால் வெளியரங்கத்துக்கு ஜோசையா ரிட்சி, உள்ளரங்கத்துக்கு ஆர்தர் கோர், இரண்டுமே சரி. 1906-லும் ஏதென்ஸில் ஒரு போட்டி நடந்தது, பழைய பட்டியல்களில் அதை ஒலிம்பிக் என்றே போட்டிருப்பார்கள், சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதை அதிகாரப்பூர்வமாகக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த வருஷத்தைத் தொடாமல் விடுவதே நல்லது.

‘முதல் தங்கப் பதக்கம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். 1896-ல் ஜெயித்தவருக்குக் கொடுத்தது வெள்ளிப் பதக்கம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்ற வரிசை 1904-ல்தான் வந்தது. ‘முதல் ஒலிம்பிக் டென்னிஸ் சாம்பியன்’ என்று கேளுங்கள், விடை ஜான் பயஸ் போலண்ட். அயர்லாந்துக்காரர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தவர், ஏதென்ஸுக்கு வேடிக்கை பார்க்கப் போன இடத்தில் நண்பர் ஒருவர் பேர் கொடுத்துவிட ஒற்றையரில் ஜெயித்தார். இரட்டையரிலும் அவரே, கூட ஆடியவர் ஃபிரிட்ரிஷ் டிராவுன் என்ற ஜெர்மானியர், அதே டிராவுனை ஒற்றையரின் முதல் சுற்றில் தோற்கடித்தவரும் போலண்ட்தான். எந்த நாட்டுக்கு அந்த இரட்டையர் பட்டம்? எந்த நாட்டுக்கும் இல்லை, ‘கலப்பு அணி’ என்ற பேரில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, தைரியமாக வையுங்கள்.

1900 பாரிஸில் சார்லட் கூப்பர் பெண்கள் ஒற்றையரில் ஜெயித்தார். ‘முதல் பெண் ஒலிம்பிக் சாம்பியன்’ என்று பல இடங்களில் போட்டிருக்கும். அதே வருஷம் அவருக்குச் சில வாரங்கள் முன்னால் பாய்மரப் படகுப் போட்டியில் ஜெயித்த படகில் எலன் தெ பூர்த்தாலெஸ் என்ற பெண் இருந்தார். எனவே ‘தனிநபர் போட்டியில் ஒலிம்பிக் பட்டம் வென்ற முதல் பெண்’ என்று எழுதுங்கள், அப்போது கூப்பர் மட்டும்தான். 1924 கலப்பு இரட்டையரில் ஹேசல் வைட்மேனுடன் ஜெயித்த நோரிஸ் வில்லியம்ஸ், டைட்டானிக் மூழ்கியபோது உயிர் தப்பியவர். கால்களை வெட்டி எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதற்கு ஒத்துக்கொள்ளாமல் தேறி எழுந்து, 12 வருஷம் கழித்து ஒலிம்பிக் சாம்பியன் ஆனார். கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளத் தகுந்த கேள்வி.

வெண்கலம். இதில் நானே ஒரு முறை மேடையில் அவமானப்பட்டிருக்கிறேன், ஒரே பேர்தான் விடை என்று பிடிவாதம் பிடித்து. 1988-லும் 1992-லும் டென்னிஸில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம். 1996 அட்லாண்டா முதல்தான் மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம். அட்லாண்டாவில் அரையிறுதியில் ஆண்ட்ரே அகாஸியிடம் தோற்ற லியாண்டர் பயஸ், பிரேசிலின் ஃபெர்னாண்டோ மெலிஜெனியுடன் அப்படி ஒரு ஆட்டம் ஆடி ஜெயித்துத்தான் வெண்கலம் வாங்கினார். டேபிள் டென்னிஸில் 1988-ல் ஒரு வெண்கலம், 1992 பார்சிலோனாவில் மட்டும் இரண்டு. இரண்டு விளையாட்டையும் ஒரே விதியாக நினைத்து விடை எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

இப்போது டேபிள் டென்னிஸ். கேள்வி சுலபம் மாதிரிதான் தெரியும்: சர்வதேச சம்மேளனமும் உலகச் சாம்பியன்ஷிப்பும் 1926-லேயே வந்துவிட்டன, ஒலிம்பிக்குக்கு எடுத்துக்கொள்வது என்ற முடிவு 1981-ல் ஜெர்மனியின் பாடன் பாடனில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில் வந்தது, முதல் ஆட்டம் 1988 சியோலில். இங்கே காட்சிப் போட்டி, இடைவெளி என்ற குழப்பம் ஒன்றும் இல்லை. ஆனால் பாராலிம்பிக்கைச் சேர்த்துக் கேட்டால் கதை தலைகீழ். 1960 ரோம் பாராலிம்பிக், அதாவது முதல் பாராலிம்பிக்கிலேயே டேபிள் டென்னிஸ் இருந்தது. ஒலிம்பிக்குக்கு வருவதற்கு 28 வருஷம் முன்பே பாராலிம்பிக்குக்கு வந்துவிட்ட விளையாட்டு. சக்கர நாற்காலி டென்னிஸ் 1988-ல் காட்சிப் போட்டி, 1992 பார்சிலோனாவில் பதக்கம். அதில் பந்து இரண்டு முறை தரையில் பட்ட பிறகும் அடிக்கலாம், இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே பட்டாலும் தப்பில்லை. இதைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

டேபிள் டென்னிஸில் ‘எத்தனை பிரிவு’ என்ற கேள்விதான் ஆபத்து, வருஷத்தைச் சொல்லாமல் கேட்கவே கூடாது. 1988 முதல் 2004 வரை ஆண், பெண் ஒற்றையரும் இரட்டையரும். 2008 பெய்ஜிங்கில் இரட்டையரை எடுத்துவிட்டு அணிப் போட்டி வைத்தார்கள். டோக்கியோ 2020-ல் கலப்பு இரட்டையர் சேர்ந்து ஐந்தானது. 2028 லாஸ் ஏஞ்சலஸில் மறுபடி மாற்றம்: ஆண், பெண் அணிப் போட்டிகள் போய்க் கலப்பு அணி ஒன்று வருகிறது, எடுத்துவிட்ட இரட்டையர் திரும்புகிறது, மொத்தம் ஆறு. எனவே உங்கள் விடைத்தாளுக்கு ஆயுசு குறைவு.

2024 பாரிஸ் வரை மொத்தம் 42 தங்கம், அதில் 37 சீனாவுக்கு. மீதி ஐந்து யாருக்கு என்பதுதான் நல்ல கேள்வி, நான் நடத்தினால் இதை மட்டும் வைத்தே பத்து நிமிஷம் ஓட்டுவேன். 1988-ல் தென் கொரியாவுக்கு இரண்டு, ஆண்கள் ஒற்றையரில் யூ நாம்-கியூ, பெண்கள் இரட்டையரில் ஹியுன் ஜங்-ஹ்வாவும் யாங் யங்-ஜாவும். 1992-ல் சுவீடனின் யான்-ஓவே வால்ட்னர். 2004-ல் வாங் ஹாவை இறுதியில் வீழ்த்திய தென் கொரியாவின் ரியு சுங்-மின். கடைசியாக டோக்கியோவில் கலப்பு இரட்டையரில் ஜப்பானின் ஜுன் மிசுதானியும் மிமா இட்டோவும். வால்ட்னரைத் தவிர ஆசியாவுக்கு வெளியே ஒரு தங்கம் கூடப் போகவில்லை.

2008-ல் ஒற்றையரில் ஆண், பெண் இரண்டிலும் ஆறு பதக்கத்தையும் சீனாவே அள்ளிக்கொண்டு போனது. 2012 லண்டன் முதல் ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் இரண்டே பேர் என்று விதி வந்துவிட்டது, அதற்குப் பிறகு மேடையில் மூன்று சீனர்களைப் பார்க்க முடியாது. இன்னொரு கண்ணி: 1988 பெண்கள் ஒற்றையரில் சீனாவுக்குத் தங்கம் வாங்கிய சென் ஜிங், பின்னாளில் சீன தைபே (ஒலிம்பிக்கில் தைவானின் பேர்) அணிக்கு ஆடி 1996-ல் வெள்ளியும் 2000-ல் வெண்கலமும் வாங்கினார். ‘இரண்டு கொடியின் கீழ்’ என்று கேள்வி வையுங்கள்.

விதிகளைக் கேட்பதாக இருந்தால் எந்த ஒலிம்பிக் என்று சொல்லிவிடுங்கள். டேபிள் டென்னிஸில் 2000 சிட்னி வரை 38 மில்லிமீட்டர் பந்து, ஒரு கேமுக்கு 21 புள்ளி. அந்த ஒலிம்பிக் முடிந்த கையோடு பந்து 40 மில்லிமீட்டர் ஆனது, அடுத்த வருஷம் 11 புள்ளி. இந்த இரண்டு மாற்றத்தையும் பார்த்த முதல் ஒலிம்பிக் 2004. டென்னிஸிலும் இப்படித்தான், ஆண்கள் ஒற்றையர் இறுதி 2016 வரை ஐந்து செட் ஆட்டம், டோக்கியோவில் இருந்து மூன்று செட். 1988-க்குப் பிறகு பெரும்பாலும் ஹார்டு கோர்ட், ஆனால் 1992 பார்சிலோனாவிலும் 2024 பாரிஸிலும் களிமண், 2012 லண்டனில் புல், அதுவும் விம்பிள்டனிலேயே. அந்த 2012 அரையிறுதியில் ஃபெடரர், டெல் போட்ரோவை மூன்றாவது செட்டில் 19-17 என்று ஜெயித்தார், 4 மணி 26 நிமிஷம். அங்கே மூன்றாவது செட்டில் டை-பிரேக் (6-6 ஆனால் செட்டை முடித்துவைக்கும் குறுகிய ஆட்டம்) கிடையாது என்பதைச் சொன்னால்தான் பார்வையாளர்களுக்கு அந்த எண் புரியும்.

ஒரு நாட்டின் முதல் தங்கம் டென்னிஸில் வந்ததா என்று கேட்பதும் நன்றாக ஓடும். சிலிக்கு 2004-ல் வந்தது, நிக்கோலாஸ் மாசு இரட்டையர், ஒற்றையர் இரண்டையும் அடுத்தடுத்து ஜெயித்தார். போர்ட்டோ ரிக்கோவுக்கு 2016-ல் மோனிகா புயிக், போட்டியில் ‘சீட்’, அதாவது தரவரிசைப்படி முன்னுரிமை இடம், கிடைக்காத ஆட்டக்காரர். ஆசியாவுக்கு ஒற்றையர் தங்கம் 2024-ல்தான், சீனாவின் செங் சின்வென்.

ஒலிம்பிக்கைத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிய விளையாட்டுப் போட்டியில் இரண்டுமே 1958 டோக்கியோவில் ஒன்றாக நுழைந்தன, 1970 பாங்காக்கில் இரண்டுமே இல்லை, 1974-ல் திரும்பின. ‘1958 முதல் தொடர்ந்து’ என்று எழுதிவிடாதீர்கள். அங்கே சாஃப்ட் டென்னிஸ் என்று தனியாக ஒன்று, மென்மையான ரப்பர் பந்தில் ஆடுவது, 1994 ஹிரோஷிமா முதல் பதக்கத்துடன் இருக்கிறது, அந்தப் பதக்கத்தை டென்னிஸ் கணக்கில் கூட்டிச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். காமன்வெல்த்தில் டேபிள் டென்னிஸ் 2002 மான்செஸ்டரில் வந்து 2022 வரை ஒவ்வொரு முறையும் இருந்தது, 2026 கிளாஸ்கோவின் சுருங்கிப்போன பட்டியலில் இல்லை. டென்னிஸ் அங்கே நடந்தது ஒரே ஒரு தடவை, 2010 டெல்லியில்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், வருஷத்தின் பேர். டோக்கியோ 2020 நடந்தது 2021-ல், ஹாங்சோ 2022 ஆசியப் போட்டி நடந்தது 2023-ல். ‘எந்த ஆண்டு’ என்று கேட்காமல் ‘எந்த ஊர்ப் போட்டி’ என்று கேட்டால் இரண்டு பதிலுக்கு இடமே இல்லை. அப்புறம், 1988 சொன்ன அந்த அணியை அடுத்த முறை பார்த்தால் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள்.