டெஸ்ட் விழுந்தா எவ்வளவு எரர் காட்டணும்? பைடெஸ்ட் (பைத்தான் கோடை டெஸ்ட் பண்ற டூல்) கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஒரு டெஸ்ட் விழுந்தாலே ஸ்க்ரீன் பூரா ட்ரேஸ்பேக் (எரர் எந்தெந்த ஃபங்ஷன் வழியா வந்துச்சுங்கிற பட்டியல்) கொட்டுது, மேல ஸ்க்ரோல் பண்ணியே கை வலிக்குது. குறைக்க வழி இருக்கா?

பதில்: --டிபி=ஷார்ட் போட்டு ஓட்டுங்க. எதுவும் குடுக்கலைன்னா ஆட்டோ, அதாவது முதல் அடுக்கும் கடைசி அடுக்கும் முழுசா வரும், நடுவுல உள்ளது சுருக்கமா வரும். --டிபி=லைன் குடுத்தா ஒரு ஃபெயிலுக்கு ஒரே வரி. நூறு டெஸ்ட் மொத்தமா விழுறப்ப எனக்கு லைன் தான், ஏன்னா அப்பெல்லாம் பெரும்பாலும் காரணம் ஒண்ணேதான், டேட்டாபேஸ் எந்திரிச்சே இருக்காது.

கேள்வி: எனக்கு உல்டா. ரெண்டு பெரிய டிக்ஷனரிய ஒப்பிட்டா வித்தியாசத்தை பாதியில வெட்டிடுது. ஆனா சிஐ சர்வர்ல (கோட் மாறுறப்ப தானா டெஸ்ட் ஓட்டுற மெஷின்) முழுசா வருது, பேயா?

பதில்: பேய் இல்லைங்க 😄 சிஐ-ங்கிற என்விரான்மென்ட் வேரியபிள் இருந்தா பைடெஸ்ட் தானாவே வெட்டறதை நிறுத்திடும். உங்க மெஷின்ல -விவி போடுங்க. யூனிட்டெஸ்ட் (பைத்தான் கூடவே வர்ற டெஸ்ட் டூல்) ஆளுங்களுக்கு: அங்க மேக்ஸ்டிஃப்-ங்கிற வரம்பு டீஃபால்ட்டா 640 எழுத்து, அதை தாண்டினா டிஃப்பையே காட்டாது, கிளாஸ்ல அதை நன் (None)-னு வச்சிடுங்க.

கேள்வி: -எல் போட்டா லோக்கல் வேரியபிள் மதிப்பெல்லாம் காட்டுதே, செம்மயா இருக்கு. கான்ஃபிக்ல ஆட்ஆப்ட்ஸ்ல (ஒவ்வொரு தடவையும் தானா சேர்ற ஆப்ஷன் வரி) நிரந்தரமா போட்டுடவா சார்?

பதில்: வேணாம் வேணாம். உங்க மெஷின்ல எப்ப வேணா போட்டுக்கோங்க, சிஐ பக்கம் கொண்டு போகாதீங்க. நான் முன்னாடி இருந்த டீம்ல அப்படித்தான் போட்டு வச்சிருந்தோம், ஒருநாள் லாகின் டெஸ்ட் விழுந்துச்சு, டோக்கன் (லாகின் சாவி) வேரியபிள் அப்படியே லாக்ல வந்து உக்காந்துடுச்சு, அந்த லாகை யார் யாரோ பாக்கலாம், ராத்திரியோட ராத்திரியா எல்லா சாவியையும் மாத்துனோம். இன்னொண்ணு, -எல் இல்லாட்டியும் முழு ட்ரேஸ்பேக்ல ஃபங்ஷனுக்கு வந்த ஆர்க்யுமென்ட் மதிப்பு தெரியும், ஃபிக்ஸ்சரா (டெஸ்டுக்கு முன்கூட்டியே தயார் பண்ணி குடுக்குற பொருள்) டோக்கனை குடுத்தா அதுவும் மாட்டும். ஷார்ட்ல அந்த வரி வராது, அதுக்காகவே சிஐ-ல ஷார்ட் வைப்பேன். டோக்கனை ஒரு சின்ன கிளாஸ்ல வச்சு அதோட ரெப்ர்-ல (அதை எழுத்தா காட்டுற ஃபங்ஷன்) வெறும் நட்சத்திரம் வர்ற மாதிரி எழுதிட்டா இன்னும் நிம்மதி.

கேள்வி: செக் பண்ண பொதுவா ஒரு ஹெல்ப்பர் எழுதியிருக்கேன், எரர் எப்பவும் அதுக்குள்ளயே காட்டுது, எந்த டெஸ்ட் வரின்னு தேட வேண்டியிருக்கு.

பதில்: ஹெல்ப்பர் உள்ள ட்ரேஸ்பேக்ஹைட்-ங்கிற வேரியபிளை ட்ரூ ஆக்குங்க, முன்னாடி ரெண்டு பின்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர். ஹெல்ப்பர் மறைஞ்சு, கூப்பிட்ட வரி மேல வந்துடும். மெசேஜை மட்டும் தெளிவா எழுதுங்க, இனிமே கண்ணுக்கு படப்போறது அது ஒண்ணுதான்.

கேள்வி: ஃபெயில் ஆன டெஸ்ட்ல பிரிண்ட் பண்ணதெல்லாம் வருதே?

பதில்: --ஷோ-கேப்சர்=நோ போட்டா வராது.