ஈமேக்ஸ்: பூட்டிய குறிப்பு # கோப்பில் திறந்து கிடப்பது ஏன்?

ஈமேக்ஸ் என்ற டெக்ஸ்ட் எடிட்டரில் என்கிரிப்ட் செய்து பூட்டிய உங்கள் குறிப்பு, கரண்ட் போனபின் # குறியிட்ட ஒரு கோப்பில் பூட்டில்லாமல் கிடந்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். காரணம் ஆட்டோசேவ், அதாவது ஈமேக்ஸ் தானாகவே போட்டுவைக்கும் நகல். குறிப்பைத் திறக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே ஆட்டோ-சேவ்-மோடை -1 கொடுத்து அணைத்துவிடுங்கள், மற்றபடி நீங்கள் எழுதிய என்கிரிப்ஷன் கோடில் தப்பில்லை.

பூட்டும் வேலையை பிஃபோர்-சேவ்-ஹூக்கில் (நீங்கள் சேவ் செய்யும்போது அதற்குச் சற்று முன் தானாக ஓடும் இடம்) மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆட்டோசேவ் அந்த ஹூக்கைத் தொடவே தொடாது. ஏறக்குறைய 300 விசை தட்டினாலோ 30 விநாடி சும்மா இருந்தாலோ, திரையில் இருப்பதை அப்படியே #குறிப்பு# என்று டிஸ்க்கில் கொட்டிவிடும். சாதாரணமாக சேவ் செய்ததும் அது அழிந்துவிடும், அதனால் கண்ணில் படாது. பெங்களூரு மழையில் கரண்ட் போனதால்தான் உங்களிடம் மாட்டியது, ஒரு வகையில் நல்லதுதான்! ஈமேக்ஸின் ஆர்க் குறிப்புகளைப் பூட்டும் ஆர்க்-கிரிப்ட்டுக்கும் இதே தலைவலி உண்டு, அது திறக்கும்போதே ஆட்டோசேவை நிறுத்தவா என்று கேட்டுவிடும்.

மாற்றியபின் ஒரு குறிப்பைத் திறந்து, அபூர்வமான ஒரு சொல்லைத் தட்டி, சேவ் செய்யாமல் ஒரு நிமிடம் விட்டுவிட்டு அந்த ஃபோல்டரில் கிரெப் (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடும் கட்டளை) போட்டு அந்தச் சொல்லைத் தேடிப் பாருங்கள். எதுவும் சிக்கக் கூடாது.

ஆனால் இனி கரண்ட் போனால் சேவ் செய்யாதது போனதுதான். பழைய # கோப்பை அழித்தாலும் எஸ்எஸ்டி டிஸ்க்கில் அதன் மிச்சம் இருக்கலாம், அதில் பாஸ்வேர்டு இருந்திருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.