சராசரியைப் பாதியாக்கிய இடைவெளி

கேள்வி: காட்பாடியில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேலூரின் கோடை வெப்பநிலையில் பகல் உச்சத்துக்கும் இரவுக் குறைவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆக்டேவ் மென்பொருளில் கணக்கிடுகிறேன். சோதனைக்கு மூன்று நாள் மட்டும் [41 -27 42 -28 40 -27] என்று கொடுத்துச் சராசரி கேட்டேன். கையால் போட்டால் 13.67 வருகிறது, ஆக்டேவ் 6.83 என்கிறது. பிழைச் செய்தியும் இல்லை. எங்கே தவறு?

பதில்: விடை சரியாகப் பாதியாகியிருப்பதைக் கவனித்தீர்களா? துப்பு அதில்தான் இருக்கிறது. நீங்கள் நினைத்தது மூன்று எண்கள்: 14, 14, 13. ஆக்டேவ் படித்ததோ ஆறு: 41, -27, 42, -28, 40, -27. கூட்டிப் பாருங்கள், இரண்டுமே 41தான். நீங்கள் 3ஆல் வகுத்தீர்கள், அது 6ஆல் வகுத்தது.

பலகையைப் பிரித்தால் ‘பல கை’ ஆகிவிடுவதைப் போன்ற சங்கதி இது. தாளில் அணியை (எண்களை வரிசையாக அடுக்கும் மேட்ரிக்ஸை) எழுதும்போது உறுப்புகளுக்கு நடுவே நாம் கமா போடுவதில்லை, இடம்தான் விடுகிறோம். மேட்லேப் என்ற கணக்கு மென்பொருளும் அதன் வழியைப் பின்பற்றும் ஆக்டேவும் அந்த வழக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டன. சதுர அடைப்புக்குள் இடைவெளி என்றால் அடுத்த உறுப்பு. வம்பு எங்கே வருகிறதென்றால், ‘-’ குறிக்கு இரண்டு வேலைகள்: கழிப்பது ஒன்று, எதிர் எண்ணைக் காட்டுவது மற்றொன்று. குறிக்கு முன்னால் இடம் விட்டுப் பின்னால் விடாமல் ஒட்டினால், அது எதிர் எண். [41-27], [41 - 27], [41- 27] மூன்றும் 14. [41 -27] மட்டும் இரண்டு எண்கள். ‘+’ குறிக்கும் இதே கதைதான். பெருக்கல் குறிக்கு வேறு வேலை இல்லாததால் [4 *2] ஒழுங்காக 8 தருகிறது.

சதுர அடைப்புக்கு வெளியே 41 -27 என்றால் 14தான். அதனால்தான் தனி வரியில் சோதித்துப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். பைத்தான் நிரல்மொழியில் உறுப்புகளைப் பிரிக்கக் கமா கட்டாயம் என்பதால், அங்கே [41 -27] என்பதும் ஒரே எண்தான்.

நான் கையாளும் வழி பழையது: ஒவ்வொரு கழித்தலையும் வளைவு அடைப்புக்குள் வைத்து, உறுப்புகளுக்கு நடுவே கமா போடுவது. [(41 -27), (42 -28), (40 -27)] என்று எழுதினால் இடைவெளி எங்கே விழுந்தாலும் கவலையில்லை. நீங்கள் கையால் சரிபார்த்ததற்கு ஒரு சபாஷ். ஆக்டேவ் என்ற பெயரே, கிடைத்த தாளில் சட்டென்று தோராயக் கணக்குப் போடுவதில் பேர்பெற்ற வேதிப்பொறியியல் பேராசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலுடையது!

கோப்பு முழுவதையும் திருத்த, இடைவெளியும் ‘-’ குறியும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் வெறும் ‘-’ ஆக மாற்றிவிடுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே இறங்காத வேலூர்த் தரவுக்கு இது போதும். உதகையின் உறைபனி நாட்களை [2 -1 0] என்று குறித்துவைத்திருக்கும் நண்பருக்கு மட்டும் இந்த வழியைச் சொல்லிவிடாதீர்கள்; அவருடைய மூன்று நாட்கள் இரண்டாகிவிடும்.