லேப்பிங் பண்ணா வால்வு லீக் நிக்குமா? பழைய ட்ரம்பெட் வாங்கப் போற ஒரு தம்பிக்கு பதில்

கேள்வி: சர்ச் பேண்ட்ல ட்ரம்பெட் வாசிக்கிறேன் சார், ஊரு மார்த்தாண்டம் பக்கம். ஒரு புரோக்கர் வாட்ஸ்அப்ல ஓல்ட்ஸ் அம்பாசிடர் ஒண்ணு காட்டுறாரு, 1952 மாடல், 45,000 ரூபாய் சொல்றாரு. வால்வு கொஞ்சம் லீக்காம், ஆனா 3,000 ரூபாய்க்கு லேப்பிங் பண்ணா புதுசு மாதிரி ஆயிடும்னு சொல்றாரு. ஜாஸ் மேதை மைல்ஸ் டேவிஸ் வாசிச்ச மாடல்னும் சொல்றாரு. சர்ச் அலமாரில மிஷனரி காலத்து கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியே, கொஞ்சம் குட்டையான வாத்தியம்) ஒண்ணு கிடக்கு, அதைக் கொடுத்தா 10,000 குறைச்சுக்கிறாராம். வாங்கலாமா?

பதில்: தம்பி, முதல்ல லேப்பிங் விஷயத்தை முடிச்சிடுறேன், ஏன்னா அதுலதான் உங்க காசு போகப் போகுது. லேப்பிங் பண்ணா லீக் நிக்காது. கூடத்தான் செய்யும்.

லீக்னா என்ன? வால்வுல மேலயும் கீழயும் போய் வர்ற உருளையான பிஸ்டனுக்கும் அதைச் சுத்தி இருக்கிற கேசிங்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி பெருசாகிப் போச்சுன்னு அர்த்தம். நல்ல வால்வுல அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல மூணு பங்குதான் இருக்கும், அதை எண்ணெய் அடைச்சுக்கும், காத்து போகாது. வருஷக்கணக்கா வாசிச்சு வாசிச்சு உலோகம் தேஞ்சு அது ரெண்டு மடங்கு மூணு மடங்கு ஆனா எண்ணெயால அடைக்க முடியாது. இப்ப லேப்பிங்னா என்ன பண்றாங்க, அரைக்கிற பேஸ்ட்டைத் தடவி பிஸ்டனை உள்ள விட்டு மேலயும் கீழயும் தேய்க்கிறாங்க. அதாவது ஏற்கனவே தேஞ்சதை இன்னும் தேய்க்கிறாங்க! சிக்கிக்கிட்டு மேல வராத வால்வுக்கு, அதுவும் தெரிஞ்ச கையி நைஸ் பேஸ்ட் வச்சு லேசா பண்ணா, லேப்பிங்ல பிரயோஜனம் உண்டு. லீக்குக்கு இல்ல. டூவீலர் மெக்கானிக் கடையில எஞ்சின் வால்வுக்குப் போடுற கிரைண்டிங் பேஸ்ட் டப்பாவைத் திறந்து ட்ரம்பெட் பிஸ்டனுக்குத் தடவுற ஆளுங்களை நான் கண்ணால பாத்திருக்கேன். பிஸ்டன் அன்னைக்கு வழுக்கிக்கிட்டு ஓடும், வாங்கினவரும் சந்தோஷமா போவாரு. மூணு மாசம் கழிச்சு கீழ் ஸ்தாயில ஒரு சுரம் நிக்காது, அப்ப புரோக்கர் போன் எடுக்க மாட்டாரு.

நிஜமான வைத்தியம் ஒண்ணு இருக்கு. கேசிங்கை உள்ள ஹோன் பண்ணி, அதாவது மெல்ல இழைச்சு, வட்டத்தைச் சரி பண்ணி, பிஸ்டனுக்கு கனமா முலாம் ஏத்தி, அதை மறுபடி அளவுக்குக் கடைஞ்சு போடணும். அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அதுக்குன்னே பட்டறைங்க இருக்கு. செலவு நூத்துக்கணக்கான டாலர், போக வர கூரியர் தனி. உங்க அம்பாசிடருக்கு அது கட்டுபடியே ஆகாது.

ஏன் கட்டுபடியாகாதுன்னா, அம்பாசிடர் ஓல்ட்ஸ் கம்பெனியோட ஸ்டூடண்ட் மாடல். பேரைக் கேட்டதும் நம்ம பழைய அம்பாசிடர் கார் ஞாபகம் வந்தா தப்பே இல்ல, குணமும் அதேதான், கனம், உழைப்பு, எத்தனை பள்ளத்துல விழுந்தாலும் ஓடும். அமெரிக்காவுல ஸ்கூல் பேண்டுகளுக்கு லாட் லாட்டா செஞ்சு வித்தது, அதனால அபூர்வமும் கிடையாது, அங்க இன்னைக்கும் சில நூறு டாலருக்குக் கைமாறுது. சத்தத்துல குறை சொல்ல மாட்டேன், இன்னிக்கு வர்ற பல புது ஸ்டூடண்ட் ட்ரம்பெட்டை விட நல்லாவே பேசும். ஆனா மைல்ஸ் டேவிஸ் கதையெல்லாம் சும்மா. அவரு கையில இருந்தது மார்ட்டின் கமிட்டின்னு வேற கம்பெனி ஹார்ன். இன்னொரு ஜாஸ் ட்ரம்பெட்காரர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் மார்ட்டின்தான் வாசிச்சாரு, 1953 ஜனவரியில ஒரு பார்ட்டியில யாரோ அவர் ட்ரம்பெட் மேல விழுந்து பெல்லு, அதாவது முன்னால விரிஞ்ச வாய், மேல் பக்கம் வளைஞ்சு போச்சு, வாசிச்சுப் பாத்தா அவருக்குப் பிடிச்சுப் போச்சு, அப்புறம் அப்படியே செய்யச் சொல்லி வாங்க ஆரம்பிச்சாரு. இந்தப் பேருங்களைச் சொல்லி ஓல்ட்ஸ் விக்கிறவரு நாளைக்கு எதைச் சொல்லி எதை வேணா விப்பாரு.

வருஷத்தை ஓரளவு நீங்களே பாத்துக்கலாம். ஓல்ட்ஸ் 1950-கள் நடுவுல லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து ஃபுல்லர்ட்டனுக்கு மாறினாங்க, 1979-ல மூடிட்டாங்க. 1952-ன்னா பெல்லுல லாஸ் ஏஞ்சலஸ்னு செதுக்கியிருக்கணும். ஃபுல்லர்ட்டன்னு இருந்தா புரோக்கர் சொல்ற வருஷம் பொய், அவ்வளவுதான்.

சரி, லீக் எவ்வளவுன்னு எப்படிப் பாக்குறது? நேர்ல போங்க, போட்டோ பாத்து லீக் தெரியாது. போனதும் முதல் வேலை, மூணு பிஸ்டனையும் எடுத்து பஞ்சுத் துணியில எண்ணெயைச் சுத்தமா துடைங்க, கேசிங் உள்ளயும் துடைங்க, பிஸ்டன்ல நம்பர் அடிச்சிருக்கும், ஒண்ணு ரெண்டு மூணு, அதே வரிசையில போடணும், மாத்திப் போட்டா காத்தே போகாது, அதைப் பாத்து பயந்து ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு வர்றவங்க நிறைய பேரு. ஏன் துடைக்கணும்னா, விக்கிறவன் கெட்டியான எண்ணெயை ஊத்தி வச்சிருப்பான், கிரீஸ் கூட தடவியிருப்பான், கெட்டி எண்ணெய் லீக்கை மறைச்சிடும். நீங்க கொண்டு போன நீர்த்த வால்வு ஆயில் ரெண்டு சொட்டு விடுங்க. ஸ்லைடுக்கு, அதாவது இழுத்தா நீளுற வளைஞ்ச குழாய்க்கு, மட்டும் கிரீஸ் போடுங்க, அங்க வழியா காத்து போகக் கூடாது.

இப்ப வால்வை அமுக்காம மூணாவது ஸ்லைடை ரெண்டு சென்டிமீட்டர் வெளிய இழுங்க. அமுக்காத வரைக்கும் அந்த ஸ்லைடோட ரெண்டு வாயும் பிஸ்டனோட வெறும் சுவருல முட்டி மூடியிருக்கும், அதனால இழுத்ததும் உள்ள வெற்றிடம் மாதிரி ஆகும். மனசுக்குள்ள அஞ்சு எண்ணிட்டு மூணாவது வால்வை அமுக்குங்க. டப்புன்னு தெளிவா சத்தம் வந்தா அந்த வால்வு பிடிக்குது. சத்தமே இல்லன்னா அந்த அஞ்சு எண்றதுக்குள்ள காத்து உள்ள ஏறிடுச்சுன்னு அர்த்தம். மத்த ரெண்டு வால்வுக்கும் அதே மாதிரி பண்ணுங்க. மூணுல ஒண்ணு மந்தமா இருந்தா வாழ்ந்துட்டுப் போகலாம், பழைய வால்வுக்குன்னே கொஞ்சம் கெட்டியான ஆயில் விக்கிறாங்க, தினம் விட்டு வாசிங்க. மூணும் மந்தம்னா எழுந்து வந்துடுங்க.

ஒரு விஷயம், வாட்டர் கீயைப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. எச்சில் விடுற அந்தச் சின்ன மூடியில ஒரு கார்க் இருக்கும், அது காஞ்சு சுருங்கினாலும் ஹார்ன் முழுக்க மொண்ணையா பேசும். ஒரு துளி சோப்புத் தண்ணியை அங்க வச்சு ஊதுங்க, நுரைக் குமிழ் விட்டா கார்க்தான் குத்தவாளி, அதை மாத்த ஒண்ணும் பெரிய செலவில்ல.

அடுத்து லீட்பைப். மவுத்பீஸ் மாட்டுற இடத்துல இருந்து மெயின் ட்யூனிங் ஸ்லைடு வரைக்கும் போற குழாய். ஸ்லைடைக் கழட்டிட்டு செல்போன் டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது, எச்சில் பட்டுப் பட்டு துத்தநாகம் அரிச்சுப் போனா செம்பு மட்டும் மிச்சம் நின்னு ரோஸ் கலர்ல திட்டு திட்டா தெரியும். வெளியில கூட நடுவுல கருப்பா ஒரு புள்ளி, சுத்தி ரோஸ் வளையம்னு தெரிஞ்சா உள்ளிருந்து அரிச்சு வெளிய வந்துடுச்சு. லீட்பைப்பையே மாத்தணும். பெல்லுல இருக்கிற ஒடுக்கைப் பத்திக் கவலையே படாதீங்க, அதைக் காட்டி விலையைக் குறைங்க. லீட்பைப்ல ஒரு சின்ன ஒடுக்கு இருந்தாலும் அந்த ஹார்னே வேண்டாம்.

இப்ப நான் எல்லார்கிட்டயும் கத்துற விஷயம். பளபளன்னு இருக்கா? அப்ப வாங்காதீங்க. எழுபது வருஷ ஹார்ன் எப்படிங்க தங்கம் மாதிரி மின்னும்? பஃபிங் மெஷின்ல கொடுத்து பித்தளை மேல பூசியிருந்த பழைய லாக்கர் பூச்சை உரிச்சு, பித்தளையைத் தேச்சு, புது லாக்கர் அடிச்சிருக்கான். தேச்சப்போ உலோகமும் சேந்து போச்சு. பெல்லுல செதுக்கின எழுத்தை நகத்தால தடவிப் பாருங்க, ஓரம் கூர்மையா தட்டணும். எழுத்து மழுங்கி சோப்புல கரைஞ்ச மாதிரி இருந்தா பஃபிங் வேலைதான். கேசிங்ல இருக்கிற சீரியல் நம்பரும் அதே மாதிரி, ஆழம் இல்லாம மங்கலா இருந்தா சந்தேகப்படுங்க. லாக்கர் உரிஞ்சு திட்டு திட்டா கறுத்து அசிங்கமா இருக்கிற ஹார்ன் விலை கம்மி, ஆனா உடம்பு அப்படியே இருக்கும். புரோக்கருக்கு இது நல்லாத் தெரியும், அவருக்கு வேண்டியது உங்க கண்ணு மயங்கணும், அவ்வளவுதான்.

இதோட தங்கச்சி, புளி. கிறிஸ்துமஸ் வந்தா போதும், குத்துவிளக்கு தேய்க்கிற மாதிரி புளியும் பாத்திரம் தேய்க்கிற பவுடரும் போட்டு ட்ரம்பெட்டைத் தேச்சு எடுத்துட்டு வர்றாங்க. லாக்கர் போகும், பவுடர் வால்வுக்குள்ள இறங்கும், அப்புறம் நீங்க வால்வை ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் காசில்லாம லேப்பிங் நடந்துக்கிட்டே இருக்கும். வெதுவெதுப்பான தண்ணி, கொஞ்சம் சோப்பு, மெத்துன்னு ஒரு பிரஷ், போதும். கொதிக்கிற தண்ணி வேண்டாம். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், குளிருல உறைஞ்சு பிசுபிசுன்னு பிடிச்சுக்கும்.

கார்னெட்டுக்கு வர்றேன், இது நீங்க சாதாரணமா கேட்டுட்டீங்க, ஆனா எனக்கு இதுதான் உறுத்துது. மிஷனரி காலத்து கார்னெட்னா பெரும்பாலும் இங்கிலாந்துல செஞ்சது. பெல்லுல போஸி அண்ட் கோன்னு மட்டும் இருந்து ஹாக்ஸ் பேரு சேராம இருந்தா 1930-க்கு முந்தினது, அந்த வருஷம்தான் ரெண்டு கம்பெனியும் சேந்துச்சு. இப்ப சிக்கல் எங்கன்னா, இங்கிலாந்து பிராஸ் பேண்டுகள் 1960-கள் நடுவு வரைக்கும் ஹை பிட்ச்லதான் வாசிச்சாங்க. இப்ப நம்ம கீபோர்டுல 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸ், அவங்க 'ஏ' 452-க்கு மேல. கிட்டத்தட்ட அரை செமிடோன் ஜாஸ்தி, அதாவது கீபோர்டுல அடுத்தடுத்த ரெண்டு கட்டைக்கு நடுவுல இருக்கிற தூரத்துல பாதி. அந்தக் காலத்து கார்னெட்டை எடுத்து சர்ச் கீபோர்டோட வாசிச்சா ரெண்டும் ரெண்டு ஊர்ல இருக்கும். பல சர்ச்ல "இந்த கார்னெட் கெட்டுப் போச்சு, சுதி சேரல"ன்னு அலமாரில போட்டது இதனாலதான். அது கெட்டுப் போகல, அது செஞ்சப்பவே அப்படித்தான் செஞ்சாங்க.

செல்போன்ல ட்யூனர் ஆப் போட்டு, ட்யூனிங் ஸ்லைடை முழுசா உள்ள தள்ளி, வால்வு எதுவும் அமுக்காம ஜி வாசிங்க. பி ஃபிளாட் ஹார்ன்ங்கறதால ஆப்ல எஃப்னு காட்டணும். முள்ளு எஃப்புக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவுல நின்னா ஹை பிட்ச். மத்தியானம் வெயில்ல நின்னு பாக்காதீங்க, சூடு ஏறினா எல்லா ஹார்னும் சுதி ஏறும், காலையில பாருங்க. சாதாரண கார்னெட்டுலயும் முள்ளு கொஞ்சம் மேல நிக்கும், ஸ்லைடு இழுத்தா சரியாகணும்னுதான் அப்படிச் செய்றாங்க, ஆனா பாதி தூரம் நிக்காது. ஹை பிட்ச்னே இருந்தாலும் எல்லாம் முடிஞ்சுடல. குழாயோட மொத்த நீளம் ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி, அதுல ஒரு நாலு சென்டிமீட்டர் கூட்டினா இறங்கிடும், ஸ்லைடு ரெட்டைக் குழாய்ங்கறதால ரெண்டு சென்டிமீட்டர் இழுத்தா போதும். ஆனா மெயின் ஸ்லைடை மட்டும் இழுத்தா திறந்த சுரம்தான் சரியாகும், வால்வு ஸ்லைடுகளையும் அதது நீளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சம் இழுக்கணும், மூணாவதை ஒரு நாலு மில்லிமீட்டர், ஒண்ணாவதை ரெண்டரை, ரெண்டாவதை ஒரு ஒன்றரைக்குள்ள. அலமாரில கிடந்த கார்னெட்டுல ஸ்லைடெல்லாம் இறுகிப் போயிருக்கும், பலத்தைக் காட்டி இழுக்காதீங்க, பத்தவைப்பு விட்டுடும், விவரமான ஆள்கிட்ட கொடுங்க. மவுத்பீஸ் சிக்கியிருந்தா பிளையர் போட்டுத் திருகவே கூடாது, லீட்பைப் முறுக்கிக்கும். புல்லர்னு ஒரு சின்னக் கருவி இருக்கு, பேண்ட் மாஸ்டர் யார்கிட்டயாவது இருக்கும்.

புரோக்கர் 10,000 கழிக்கிறேன்னு தானா வந்து சொல்றாருன்னா அந்த கார்னெட் அவருக்கு 10,000-க்கு மேல போகும், இதுக்கு நிபுணர் வேண்டியதில்ல. அதோட அது உங்க சொந்தப் பொருள் இல்ல, சர்ச் பொருள்.

புதுசு வாங்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. சர்ச் கமிட்டி வழியா வாங்கினா மூணு கொட்டேஷன், குறைஞ்சது யாருதோ அதுதான், வால்வு ஓடுதான்னு கேக்க ஒரு ஆளு கிடையாது. நாற்காலி வாங்குற விதியில ட்ரம்பெட் வாங்கினா நாற்காலிதான் கிடைக்கும். உத்தரப் பிரதேசம் மீரட்டுல ஜாலி கோத்திங்கிற ஏரியா பக்கம் தலைமுறை தலைமுறையா பேண்ட் வாத்தியம் செய்றாங்க, ஊர்வலத்துக்கு அது போதும், ஆனா வால்வை நான் சொன்ன டப் டெஸ்ட் வச்சுப் பாக்காம எடுக்காதீங்க. வெளிநாட்டுல இருந்து நீங்களே பழசு வரவழைக்கலாம்னு யோசிச்சா, செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு இருக்கு, கஸ்டம்ஸ்ல உக்காந்திருக்கிறவருக்கு எழுபது வருஷ ஹார்னும் நேத்து செஞ்சதும் ஒண்ணுதான், விலையை அவரே போடுவாரு. இந்த ரெண்டு கதவும் இப்படி இருக்கறதாலதான் வாட்ஸ்அப் புரோக்கர்கள் கொழிக்கிறாங்க.

உங்க விஷயத்துல, டெஸ்ட்ல மூணும் டப்புன்னு அடிச்சு, லீட்பைப் சுத்தமா இருந்து, எழுத்து கூர்மையா இருந்தா 25,000 வரைக்கும் கொடுக்கலாம், அதுக்கு மேல ஒரு பைசா வேண்டாம். எண்ணெய் துடைக்க விடமாட்டேன்னு சொன்னா பேச்சே வேண்டாம். லேப்பிங் பண்ணித் தர்றேன்னு சொன்னா "பண்ணாம இருக்கிறபடியே கொடுங்க"ன்னு சொல்லுங்க. ஏற்கனவே பண்ணிட்டாருன்னு தெரிஞ்சா 10,000-க்கும் வேண்டாம்.