வாசகர் கேள்வி – பதில்: பந்து உள்ளே, அடித்தவர் வெளியே

கேள்வி: அமெரிக்காவின் முதன்மைப் பேஸ்பால் போட்டியான மேஜர் லீக் பேஸ்பாலில் 762 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) அடித்து எல்லோரையும் முந்தி நிற்பவர் பேரி பாண்ட்ஸ். அவருக்கே ஹால் ஆஃப் ஃபேமில் இடம் இல்லை என்பது நியாயமா?

பதில்: நியாயமில்லை என்பதே என் கருத்து. நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்ஸ்டவுனில் உள்ள அந்தப் புகழரங்கத்துக்கு வாக்களிப்பவர்கள், தங்கள் சங்கத்தில் தொடர்ந்து பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்த பேஸ்பால் செய்தியாளர்கள். 75 சதவீத வாக்கு பெற்றவரே தேர்வாவார். பத்தாவதும் இறுதியுமான வாய்ப்பில், 2022இல், பாண்ட்ஸ் 66 சதவீதத்தோடும், பிட்சர் (பந்தை எறிபவர்) ரோஜர் கிளெமன்ஸ் 65.2 சதவீதத்தோடும் நின்றுவிட்டனர். இருவர் மீதும் படிந்திருப்பது ஊக்கமருந்துக் கறை. தெரிந்து எதையும் பயன்படுத்தவில்லை என்பது பாண்ட்ஸின் வாதம். ஆட்டத்திறனோடு நேர்மையையும் ஒழுக்கத்தையும் எடைபோடுமாறு வாக்காளர்களுக்கு விதி சொல்கிறது. எதற்கு எவ்வளவு எடை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டது.

அந்த எடைக்கல் ஆளுக்கு ஆள் மாறியதுதான் என் மனக்குறை. 2003இல் பெயர் வெளியிடாமல் நடந்த சோதனையில் சிக்கியவர்களுள் ஒருவர் என்று செய்தி வெளியான டேவிட் ஆர்டிஸ், பாண்ட்ஸ் தோற்ற அதே தேர்தலில் முதல் வாய்ப்பிலேயே 77.9 சதவீதம் பெற்று உள்ளே போனார். ஊக்கமருந்து பெருகிய ஆண்டுகளில் லீக்கின் தலைமை நிர்வாகியான கமிஷனராக இருந்த பட் செலிக்கும் 2017 முதல் அங்கே இருக்கிறார். செய்தியாளர் கைவிட்டவர்களைப் பரிசீலிக்கும் பதினாறு பேர் குழு 2025 டிசம்பரில் கூடியபோது, பாண்ட்ஸுக்கு ஐந்து வாக்குகூடத் தேறவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவரோடு ஆடிய ஜெஃப் கென்ட் தேர்வானார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹாங்க் ஆரனின் 755 என்ற சாதனையை 2007இல் பாண்ட்ஸ் முறியடித்தபோது அடித்த பந்தை, மார்க் எக்கோ என்ற ஆடை வடிவமைப்பாளர் ஏலத்தில் எடுத்து, அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் மக்களிடம் வாக்குக் கேட்டார். அதிக வாக்கு பெற்ற முடிவின்படி அதன் தோலில் ஒரு நட்சத்திரக் குறி (*), அதாவது சாதனை ஐயத்துக்குரியது என்ற அடையாளம், பொறிக்கப்பட்டது. 2008இல் பந்து கூப்பர்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தது. குறியோடு பந்தை ஏற்றுக்கொண்டவர்கள், பெயர்ப்பலகையில் சர்ச்சையை ஒரு வரியாகப் பொறித்து ஆளையும் ஏற்றுக்கொள்ளலாமே!

கேள்வி: அப்படியானால் சூதாட்டத்துக்காகத் தடை செய்யப்பட்ட பீட் ரோஸுக்கும் அதே சலுகை உண்டுதானே?

பதில்: என்னிடம் இல்லை. 4,256 ஹிட் (பந்தை அடித்துவிட்டு ஓடி, பேஸ் எனப்படும் தளத்தை எட்டுவது) என்ற அவருடைய கணக்கை இன்னும் எவரும் தொடவில்லை என்பது உண்மை. ஆனால் சூதாட்டத்துக்கு எதிரான விதி ஒவ்வோர் அணியின் உடைமாற்றும் அறையிலும் ஒட்டப்பட்டிருக்கும் விதி. தெரியாமல் மீறினேன் என்று எவரும் சொல்ல முடியாது. 1989இல் நிரந்தரத் தடையை ஏற்றுக்கொண்ட ரோஸ், தாம் மேலாளராக இருந்த சின்சினாட்டி அணியின் ஆட்டங்கள் மீது பந்தயம் கட்டியதை 2004இல்தான் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சொந்த அணி வெல்லும் என்றுதானே கட்டினார் என்று பரிந்து பேசுபவர்கள், பணம் கட்டிய நாளில் களைத்துப்போன பிட்சரை மேலாளர் கூடுதலாக எறிய வைக்கக்கூடும் என்பதையும், கட்டாத நாள்கூடப் பந்தயக்காரர்களுக்கு ஒரு துப்பு என்பதையும் மறந்துவிடுகிறார்கள். அவர் 2024இல் இறந்தார். தடை இறப்போடு முடிகிறது என்று கமிஷனர் ராப் மேன்ஃப்ரெட் 2025 மே மாதம் அறிவித்ததால், 2027 டிசம்பரில் கூடும் குழுவின் முன் அவர் பெயர் வரலாம்.

கேள்வி: ஒருவர்கூட மறுக்காமல் தேர்வானவர் உண்டா?

பதில்: 2019இல் மரியானோ ரிவேரா, அவர் ஒருவரே. டெரெக் ஜீட்டருக்கும் இச்சிரோவுக்கும் தலா ஒரே ஒரு வாக்கு குறைந்தது.

கேள்வி: சர்ச்சை எதுவும் இல்லாமலே மறக்கப்பட்டவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

பதில்: யோசிக்காமல் சொல்வேன், லூ விட்டேக்கர். 1977 முதல் 1995 வரை டெட்ராய்ட் அணியின் இரண்டாம் பேஸில் நின்று 2,369 ஹிட்டும் 244 ஹோம் ரன்னும் எடுத்தவர். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப் ஆலன் டிராமல் அவரோடு ஒரே நாளில் அறிமுகமானவர். இருவரும் சேர்ந்து ஆடியவை 1,900 ஆட்டங்களுக்கு மேல். தரையோடு வரும் பந்தை டிராமல் அள்ளி வீச, விட்டேக்கர் பேஸை மிதித்து, தன் கால்களை நோக்கிச் சறுக்கி வரும் ஓட்டக்காரருக்கு மேலே துள்ளி, உடலைத் திருப்பி முதல் பேஸுக்கு எறிவார். ஒரே பந்தில் இருவர் அவுட். அதில் கால் உடையும் அபாயம் முழுவதும் விட்டேக்கருக்கே என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து சதவீதம் எட்டாதவரின் பெயர் வாக்குச்சீட்டிலிருந்து நிரந்தரமாக நீங்கிவிடும். 2001இல் விட்டேக்கருக்குக் கிடைத்தவை 515இல் 15 வாக்குகள். முதல் ஆண்டிலேயே கதை முடிந்தது. பாண்ட்ஸுக்காவது பத்தாண்டு வாதாடினார்கள். டிராமலைக் குழு 2017 டிசம்பரில் சேர்த்துக்கொண்டது. அடுத்த இரண்டாண்டில் விட்டேக்கர் பெயர் வந்தபோது, வேண்டிய 12 வாக்குகளில் 6தான் விழுந்தன. டெட்ராய்ட் அணி 2022இல் அவருடைய 1ஆம் எண் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தது. கூப்பர்ஸ்டவுனில் டிராமலின் பலகை மட்டும் தனியே இருக்கிறது.