கருப்பு மைவி மங்கிப் போச்சு, கோட்டிங் போட்டா பளபளப்பு வருமா, எத்தன நாள் நிக்கும்?

தம்பி கேட்டிருக்கிறது இதுதான்: ஆறு வருஷமான கருப்பு பெரோடுவா மைவி காடி (கார்), பினாங்கு ஜெலுத்தோங் ஃப்ளாட்டுக்கு கீழ கூரை இல்லாத இடத்துல நிக்குது, பெயிண்ட் மங்கிப் போச்சு, வெயில்ல பாத்தா வட்ட வட்டமா கோடு தெரியுது. ஒரு கடையில செராமிக் கோட்டிங் (பெயிண்ட் மேல கெட்டியா ஒட்டுற பாதுகாப்பு பூச்சு) போட 1500 வெள்ளி (ரிங்கிட்) கேக்குறாங்க, அத போட்டா பழைய பளபளப்பு வந்துருமா, இல்ல வீட்லயே ஏதாச்சும் செய்யலாமா?

நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பாலிஷ் கடையில எட்டு வருஷம் வேல செஞ்சவன், இப்ப வார கடைசில தெரிஞ்சவங்க காடிய மட்டும் பாக்குறேன். நேரா சொல்லிர்றேன், கோட்டிங் பளபளப்ப கொண்டு வராது. இருக்கிற பளபளப்ப புடிச்சு வைக்கும், அவ்வளவுதான். மங்குன பெயிண்ட் மேல அத ஊத்துனா மங்கலையும் கோட்டையும் சேத்து ரெண்டு வருஷத்துக்கு பூட்டு போட்ட மாதிரி. அதனால அந்த 1500 வெள்ளி எதுக்குன்னு மொதல்ல கேளுங்க, கோட்டிங்குக்கு முன்னாடி பெயிண்ட எத்தன மணி நேரம் வேல செய்வீங்க, எத்தன ஸ்டெப் பாலிஷ்னு கேளுங்க. காலையில விட்டுட்டு மத்தியானம் வந்து எடுத்துக்கன்னு சொன்னா வேற கடை பாத்துக்கங்க. ஆறு வருஷ கருப்பு காடிக்கு ஒழுங்கா செஞ்சா ஒரு முழு நாள் பத்தாது.

ஏன்னு சொல்றேன். உங்க காடி கருப்பு கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கிளியர் கோட் இருக்கு, கனம் சுமாரா 40, 50 மைக்ரான். ஃபோட்டோஸ்டேட் எடுக்கிற வெள்ள பேப்பர் ஒண்ணு கிட்டத்தட்ட 100 மைக்ரான் வரும், அதுல பாதின்னு வச்சுக்கங்க. பளபளப்பு பூரா அந்த பாதி பேப்பர்லதான் இருக்கு. கோடு விழுந்தா வெளிச்சம் நேரா திரும்பாம சிதறுது, அதான் மங்கலா தெரியுது. பாலிஷ் போடும்போது கோட்ட அழிக்கிறோம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, கோட்ட சுத்தி இருக்கிற கிளியர் கோட்ட தேய்ச்சு கோட்டோட அடி வரைக்கும் எறக்குறோம். ஒவ்வொரு தடவயும் சில மைக்ரான் போயிரும், திரும்பி வராது. அதனாலதான் வருஷா வருஷம் தீபாவளிக்கு முன்னாடி காம்பவுண்ட் (நல்லா தேய்ச்சு எடுக்கிற முரட்டு பாலிஷ்) போடுறேன்னு யாராச்சும் சொன்னா எனக்கு வயிறு கலங்கும்.

நான் வேல கத்துக்கிட்ட காலத்துல கண்ணால பாத்தது இது. சிவப்பு காடி ஒண்ணு, சுத்துற ரோட்டரி மெஷின வச்சு பொன்னெட் நடுவுல மேடா ஒரு விளிம்பு வரும்ல, அது மேல ஒரு ஆள் ரெண்டு நிமிஷம் நின்னு தேய்ச்சுட்டாரு. மெஷின்ல மாட்டியிருந்த வெள்ள பேட எடுத்து பாத்தா ஓரத்துல ரோஸ் கலர்ல ஒரு வளையம். கிளியர் கோட் முடிஞ்சு கலரே பேட்ல ஒட்ட ஆரம்பிச்சிருச்சு. பொன்னெட் முழுசும் திரும்ப ஸ்ப்ரே அடிச்சாங்க, அந்த காடிக்காரர் முகத்த நான் இன்னும் மறக்கல. விளிம்புல, மடிப்புல பெயிண்ட் எப்பவும் மெலிசாத்தான் இருக்கும், அங்கெல்லாம் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு வேல செய்யணும்.

வீட்லயே செய்யிறதா இருந்தா என் மொற இதுதான். மொதல்ல நல்லா கழுவுங்க, ரெண்டு வாளி, ஒண்ணுல ஷாம்பு, இன்னொண்ணுல துணிய அலச வெறும் தண்ணி, மேல இருந்து கீழ. கழுவி முடிச்சதும் மெல்லிசான பிளாஸ்டிக் பைக்குள்ள கைய விட்டு ஈர பொன்னெட் மேல மெதுவா தடவி பாருங்க. வெறும் கையில தெரியாதது அப்ப தெரியும், சக்கரைய தூவி விட்ட மாதிரி நறநறன்னு இருக்கும். அது பிரேக்ல இருந்து பறக்கிற இரும்பு தூள், மர பிசினு, ரோட்டு தார். நம்ம பக்கம் ஆங்சானா மரத்துக்கு கீழ நிறுத்துனா, கோயில் பக்கம் ஊதுபத்தி சாம்பல் பறந்து வந்தா எல்லாம் இதுல சேரும். அதுக்கு ஐயன் ரிமூவர்னு ஒண்ணு விக்குது, நிழல்ல, சூடு இல்லாத பெயிண்ட் மேல அடிச்சு ரெண்டு மூணு நிமிஷம் விட்டா இரும்பு இருக்கிற எடமெல்லாம் ஊதா கலர்ல கோடு கோடா வடியும், பின் சக்கரத்துக்கு மேல பாருங்க, நெறய ஓடும். காயறதுக்குள்ள கழுவிரணும். மிச்சம் இருக்கிறத கிளே பார்னு களிமண் மாதிரி ஒரு கட்டி எடுக்கும், ஆனா ஷாம்பு தண்ணி தாராளமா அடிச்சு வழுக்கிட்டே போகணும், அழுத்தவே கூடாது, கிளே கீழ மண்ணுல விழுந்துச்சுன்னா காசு போச்சேன்னு பாக்காம தூக்கி போடுங்க. அதுல ஒட்டுற ஒரு மணல் போதும் பொன்னெட் பூரா புதுசா கோடு போட.

அப்புறம்தான் பாலிஷ். புது ஆளுக்கு ரோட்டரி வேணாம், டூயல் ஆக்‌ஷன் மெஷின் வாங்குங்க இல்ல யார்கிட்டயாச்சும் கடன் கேளுங்க, அது ஒரே எடத்துல சூட ஏத்தாது. பொன்னெட்ல ரெண்டு அடிக்கு ரெண்டு அடி ஒரு சதுரம் டேப் ஒட்டி அங்க மட்டும் சோதிச்சு பாருங்க, மொதல்ல மெத்துன்னு இருக்கிற பேடும் கம்மியா தேய்க்கிற பாலிஷும். அதுலயே கோடு போச்சுன்னா காம்பவுண்டுக்கு போகவே தேவையில்ல, போகலன்னாதான் அடுத்தது. நகம் மாட்டுற ஆழத்துல இருக்கிற கோட்ட விட்ருங்க, அத தொரத்துனா கிளியர் கோட்தான் தீரும். நூத்துக்கு எழுபது கோடு போனாவே கருப்பு காடி ஆள மயக்கும்.

இங்க ஒரு விஷயத்த நெறய பேரு விட்டுர்றாங்க. பாலிஷ்ல இருக்கிற எண்ணெ கோட்டுக்குள்ள போய் நிக்கும், அப்ப பாத்தா கண்ணாடி மாதிரி இருக்கும், ரெண்டு தடவ கழுவுனா கோடு எல்லாம் திரும்ப தெரியும். அதனால தண்ணி கலந்த ஐசோப்ரொபைல் ஆல்கஹால ஸ்ப்ரே அடிச்சு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியில தொடச்சு எடுத்துட்டு, டார்ச் லைட்ட சாய்ச்சு அடிச்சு பாருங்க. அப்ப தெரியிறதுதான் உண்மையான நெலம. எண்ணெ மேல சீலண்ட்டோ (மெழுகு மாதிரி தடவுற பாதுகாப்பு பூச்சு) கோட்டிங்கோ போட்டா அதுவும் புடிக்காது, சீக்கிரம் கழண்டுரும்.

இப்ப மேல என்ன போடுறது? கார்னாபா மெழுகு பிரேசில்ல ஒரு பனை எலையில இருந்து எடுக்கிறது, கருப்புக்கு அது குடுக்கிற ஆழமான பளபளப்பு எனக்கு ரொம்ப புடிக்கும், ஆனா கூரை இல்லாம வெயில்லயும் மழையிலயும் நிக்கிற காடிக்கு ஒரு மாசம் ரெண்டு மாசம்தான். எங்க அப்பா அவரோட ப்ரோட்டோன் சாகா காடிக்கு மாசா மாசம் ஞாயித்துக்கிழம தவறாம மெழுகு போட்டாரு, அவ்வளவு நேரம் உங்களுக்கு இருந்தா தாராளமா போடுங்க. இல்லன்னா சிந்தெடிக் சீலண்ட், என் கையில நாலஞ்சு மாசம் நின்னுருக்கு, கறுப்பு பிளாஸ்டிக் மேல மட்டும் படாம பாத்துக்கங்க, வெள்ளையா காஞ்சு நிக்கும். செராமிக் ஒழுங்கா போட்டு ஒழுங்கா கழுவுனா ரெண்டு வருஷம் வரும், போட்ட அன்னைக்கு மழையில நனைய கூடாது, ஒரு வாரம் ஷாம்பு போட கூடாது, அதனால ஃப்ளாட்டுக்கு கீழ திறந்த எடத்துல வச்சு நீங்களே போடுறது வேணாம். அப்புறம் 9ஹெச்னு விளம்பரம் போடுறாங்களே, அது பென்சில வச்சு கீறி பாக்குற அளவு, கல்லு பட்டா கீறாதுன்னு அர்த்தம் இல்ல. பினாங்கு பாலத்துல லாரிக்கு பின்னாடி போனா செராமிக் போட்ட பொன்னெட்லயும் புள்ளி விழும்.

உங்க நெலமைக்கு நான் சொல்றது, இப்ப ஒரு தடவ ஒழுங்கா பாலிஷ், மேல சீலண்ட், நாலு மாசத்துக்கு ஒரு தடவ சீலண்ட் மட்டும் திரும்ப. மெஷின் கடன் கெடச்சா சாமான் செலவு அந்த 1500ல பாதிக்கும் கீழதான் வரும்.

பளபளப்பு போறது பெரும்பாலும் கழுவும்போதுதான், அத மறக்காதீங்க. காஞ்ச தூசிய எறகு தொடப்பத்தால தட்டாதீங்க, பெரிய பிரஷ் சுத்துற மெஷின் கார் வாஷுக்கு விடாதீங்க, பாத்திரம் கழுவுற சோப்பு வேணாம், அது சீலண்ட்ட சாப்புட்டுரும். பறவ எச்சம் பட்டா சாயங்காலம் பாத்துக்கலாம்னு விடாதீங்க, நம்ம வெயில்ல கருப்பு பொன்னெட் கை வைக்க முடியாத சூடாகும், அந்த சூட்டுல எச்சத்துல இருக்கிற அமிலம் கிளியர் கோட்ட அரிச்சு குழியாக்கிரும். ஒரு தண்ணி பாட்டிலும் ரெண்டு துணியும் காடிலயே வச்சிருங்க, ஊற வச்சு எடுங்க, காய காய தேய்க்காதீங்க.

தைப்பூசத்துக்கு ரதம் போற பாதையில காடிய நிறுத்துறவங்களுக்கும் இது. போன வருஷம் என் தங்கச்சி காடி கதவு பூரா தேங்கா தண்ணி தெறிச்சு காஞ்சு போயிருந்துச்சு, அவ தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறி எறங்கி வீட்டுக்கு வந்து தூங்கி மறுநாள்தான் பாத்தா. சீலண்ட் இருந்ததால வெதுவெதுப்பான தண்ணியில கால் மணி நேரத்துல போயிருச்சு, சைட் மிரர் மூடியில சீலண்ட் போடாம விட்டிருந்தேன், அங்க மட்டும் வளையம் வளையமா கறை நின்னு பாலிஷ் போட்டுத்தான் எடுத்தேன்.

இந்த சனிக்கிழம ஆரம்பிக்கிறதா இருந்தா காலைல 7 மணிக்கே கழுவ எறங்குங்க, ஜெலுத்தோங் பக்கம் பத்து மணிக்கு மேல பெயிண்ட் சூடாயிரும், அதுக்குள்ள கழுவி, கிளே முடிச்சு, அந்த ரெண்டடி சதுரத்த சோதிச்சிருங்க. சதுரத்த டார்ச் அடிச்சு ஒரு படம் எடுத்து போடுங்க தம்பி, காம்பவுண்ட் தேவையா இல்லையான்னு பாத்து சொல்றேன்.