முற்றத்து ரப்பர் இலைக்குள் திராட்சைக் குலை

கேள்வி: எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் தை மாதத்துக்குள் இலையெல்லாம் கொட்டிவிடுகின்றன, வீட்டு முற்றத்து ரப்பர் மரமோ ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கிறது. அதன் இலையைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்த என் மகள், மேற்பரப்பை ஒட்டித் திராட்சைக் குலை போன்று ஏதோ தொங்குவதாகச் சொல்கிறாள். இது நோயா?
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: நோய் அன்று. இரண்டுக்கும் பால் உண்டு என்பதைத் தவிர உறவு எதுவும் இல்லை. நீங்கள் பால் வெட்டும் மரம் அமேசான் காட்டிலிருந்து வந்த, ஆமணக்குக் குடும்பத்து ஹீவியா. முற்றத்தில் நிற்பது ஆல், அத்தி, அரசு ஆகியவற்றின் இனமான ஃபைகஸ் எலாஸ்டிகா. மேகாலயாவில் ஓடைகளின் குறுக்கே உயிருள்ள பாலங்களாக வளர்க்கப்படுவன இந்த மரத்தின் வேர்களே. இதுவும் இலை உதிர்ப்பதுண்டு; ஆனால் ஒருசேர உதிர்க்காமல், முதிர்ந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழிப்பதால் மரம் மொட்டையாவதில்லை.

ஒரே பருவத்தில் வேலை முடிக்க வேண்டிய இலை மெல்லியதாக இருந்தாலும் போதும். நெடுநாள் வெயிலில் நிற்க வேண்டிய இலைக்கு அது போதாது. முற்றத்து மரத்தின் இலையில் மெழுகுத்தன்மையுள்ள தடித்த கியூட்டிக்கிள் படலத்துக்குக் கீழே, பச்சையமில்லாத மேல்தோல் செல்கள் பல அடுக்குகளாக அமைந்து, நீரைத் தேக்கி வைக்கின்றன. அதற்கும் கீழேதான் ஒளிச்சேர்க்கை செய்யும் நெட்டைச் செல்களும், காற்றிடைவெளி நிறைந்த பஞ்சுத் திசுவும் வருகின்றன. இலைத்துளைகள் அடிப்பரப்பில் மட்டும், அதுவும் சற்றுக் குழிந்து அமைந்திருப்பதால் நீரிழப்பு குறைகிறது.

மகள் கண்ட குலை அந்த மேல்தோல் அடுக்குகளுக்குள்தான் இருக்கிறது. அங்கே சில செல்கள் மட்டும் பெரிதாகப் பருத்து, அவற்றின் வெளிச்சுவரிலிருந்து செல்லுலோஸ் காம்பு ஒன்று உள்நோக்கி வளர்கிறது. அதன் நுனியில் கால்சியம் கார்பனேட், அதாவது நாம் அறிந்த சுண்ணாம்புக்கல்லின் பொருள், படிந்து படிந்து குலையாகத் திரள்கிறது. சிஸ்டோலித் என்பது இதன் பெயர். மிகையான கால்சியத்தைச் செடி ஒதுக்கி வைக்கும் இடம் இது என்பது பழைய விளக்கம். இதே இனத்தைச் சேர்ந்த ஃபைகஸ் மைக்ரோகார்ப்பா இலையை ஆராய்ந்தவர்கள், இக்கற்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து இலையின் உட்புறத்துக்கு அனுப்புகின்றன என்று 2012-இல் காட்டினார்கள். தடித்த இலையில் மேலடுக்குக்கு வெளிச்சம் மிகுந்தும் உள்ளடுக்குக்குக் குறைந்தும் போவதைப் பார்த்தால், எனக்கு இந்த விளக்கமே கூடுதல் சுவையுடையதாகப் படுகிறது.

மகள் மீண்டும் பார்ப்பதானால், சிவப்பு உறையிலிருந்து அப்போதுதான் விரிந்த தளிரை எடுக்க வேண்டாம். அதில் காம்பு மட்டும் இருக்கும், கல் சேர்ந்திருக்காது. முதிர்ந்த இலையின் சிறு துண்டை, பிளந்த கேரட்டுக்கு நடுவே வைத்துப் புதிய பிளேடால் மெல்லியதாகச் சீவி, பால் போகும்வரை நீரில் அலசட்டும். பிறகு கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விட்டால், அது குலையைத் தொட்டதும் கரியமில வாயுக் குமிழிகள் கிளம்பும். சுண்ணாம்பு கரைந்தபின் செல்லுலோஸாலான கூடு மட்டும் காம்பில் தொங்கும்.